வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருக்க வைத்த கீரை

மதீனாவில் ஒரு மூதாட்டி இருந்தார். அவருடைய பெயரை ஹதீஸ் நமக்குச் சொல்லவில்லை. அவருக்கு ஒரு வயல் இருந்தது. அதன் வாய்க்கால் கரையில் ‘சில்க்’ என்னும் கீரையைப் பயிரிட்டிருந்தார். வெள்ளிக்கிழமை வந்தால் அதை வேரோடு பிடுங்கி ஒரு சட்டியில் இடுவார். அதன் மேல் ஒரு கைப்பிடி வாற்கோதுமையை அரைத்துப் போட்டுக் கிளறி வேக வைப்பார். ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் நபித்தோழர்கள் அவர் வீட்டுக்குப் போய் ஸலாம் சொல்வார்கள். அவர் அந்த உணவை அவர்கள் முன் வைப்பார். அந்தச் சாப்பாட்டுக்காகவே நாங்கள் வெள்ளிக்கிழமையை எதிர்பார்த்துக்கொண்டிருப்போம் என்ற கருத்தில் ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (நூல்: புகாரி). அதில் கொழுப்போ நெய்ப்பசையோ இருக்காது என்றும், கறித்துண்டு இருக்க வேண்டிய இடத்தில் அந்தக் கீரையின் வேர்தான் இருக்கும் என்றும் அந்த அறிவிப்புகளில் வருகிறது.

மதரஸாவில் இந்த ஹதீஸை ஜும்ஆவின் நேரம் தொடர்பான பாடத்தில் ஓதுவோம். தொழுகைக்கு முன் மதிய உணவு உண்டா, பகல் தூக்கம் உண்டா என்று சட்டம் எடுப்பதிலேயே எங்கள் கவனம் இருக்கும். சட்டியில் என்ன வெந்தது என்று நின்று பார்ப்பவர் குறைவு. ஆனால் அந்தத் தோழர்கள் நினைவில் வைத்திருந்தது சட்டியைத்தான்!

‘சில்க்’ என்பது பீட்ரூட் இனத்தைச் சேர்ந்த செடி. கிழங்கு பெரிதாகப் பருக்காமல் இலைக்காகவும் தண்டுக்காகவும் வளர்க்கப்படும் வகை. நம் ஊரில் அதே கீரை பழக்கத்தில் இல்லை. தண்டுக்கீரையை நினைத்துக்கொண்டால் போதும். அன்று காலை பிடுங்கியது, தண்ணீர் ஓடும் கரையில் விளைந்தது, ஒரு கைப்பிடி மாவு, ஒரு சட்டி. வேறு எதுவும் இல்லை.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. ஒரு நாள் அஸருக்குப் பிறகு ஒரு சகோதரர் தயங்கித் தயங்கி வந்தார். கூலி வேலை செய்பவர். “ஹஜ்ரத், மகளைக் கொடுத்த வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வர்றாங்க. கறி எடுத்து பிரியாணி போடணும்னா ரெண்டாயிரம் ஆகும். கடன் வாங்கலாமா?” என்று கேட்டார். வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். “கொல்லையில முருங்கை காய்ச்சுத் தொங்குது, ரெண்டு கோழி முட்டை போடுது. அதையா ஹஜ்ரத் சம்பந்திக்கு வைக்கிறது?” என்றார். விருந்தாளியைக் கண்ணியப்படுத்துவது ஈமானோடு சேர்த்துச் சொல்லப்பட்ட கடமை. அந்தக் கடமை கடன் வாங்க வைக்கும் அளவுக்கு எப்போது வளர்ந்தது? முருங்கைக்காய் ஆணம் மானக்கேடாக எப்போது ஆனது?

தகல்லுஃப்

சக்திக்கு மீறிச் சிரமப்பட்டு ஒன்றை வரவழைத்துக்கொள்வதை அரபியில் ‘தகல்லுஃப்’ என்பார்கள். அது எங்களுக்குத் தடை செய்யப்பட்டிருந்தது என்று உமர் (ரலி) அவர்கள் சொன்னதாக அனஸ் (ரலி) அவர்கள் வழியாகப் புகாரியில் வருகிறது. அவர்கள் அப்படிச் சொன்ன சந்தர்ப்பம் வேறு நூல்களில் விளக்கமாக இருக்கிறது. ‘அபஸ’ அத்தியாயத்தை ஓதிக்கொண்டிருந்தபோது ‘அப்பு’ என்ற சொல் வந்தது. அது என்ன தாவரம் என்று தமக்குள் கேட்டுக்கொண்டு, பிறகு இதற்கு மேல் துருவுவது தகல்லுஃப் என்று நிறுத்திக்கொண்டார்கள். கால்நடைத் தீவனப் புல் என்று விரிவுரையாளர்கள் பொருள் தருகிறார்கள்.

அந்த வசனங்களை (80:24–32) ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மனிதன் தன் உணவைக் கவனித்துப் பார்க்கட்டும் என்று அல்லாஹ் தொடங்குகிறான். மழையைப் பொழிவித்ததையும் நிலத்தைப் பிளந்ததையும் சொல்கிறான். பிறகு தானியம், திராட்சை, கீரை வகை, ஒலிவம், பேரீத்தம், அடர்ந்த தோட்டங்கள், பழங்கள், புல் என்று வரிசையாக வருகிறது. சாப்பாட்டுத் தட்டிலிருந்து மழை வரைக்கும் பின்னோக்கிப் பார்க்கச் சொல்லும் வசனங்கள் இவை. எந்த மழையில் விளைந்தது, எந்த மண்ணில் முளைத்தது என்று தெரிந்த காயைச் சமைப்பவருக்கு இந்த வசனம் சட்டென்று விளங்கும். பாக்கெட்டைக் கிழித்துக் கொட்டுபவருக்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

இந்த இடத்தில் சிலர் ஒரு வசனத்தைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். பனூ இஸ்ராயீல்கள் மன்னையும் ஸல்வாவையும் விட்டுவிட்டுக் கீரை, வெள்ளரி, பருப்பு, வெங்காயம் என்று கேட்டபோது, உயர்ந்ததைக் கொடுத்துத் தாழ்ந்ததையா வாங்குகிறீர்கள் என்று கண்டிக்கப்பட்டதே (2:61), ஆகவே காய்கறி தாழ்ந்ததுதானே என்பார்கள். பாலைவனத்தில் உழைப்பில்லாமல் அல்லாஹ் நேரடியாக இறக்கிய ரிஸ்க்கை அலுத்துக்கொண்டதற்கான கண்டனம் அது. கத்தரிக்காய் ஆணத்தைத் தள்ளிவிட்டு எலும்புக் கறியைத் தேடுவதற்கு அதில் ஆதாரம் இல்லை. சொல்லப்போனால், முன்னால் இருக்கும் உணவை அலுத்துக்கொள்பவர்தான் அந்த வசனத்துக்கு அருகில் நிற்கிறார்.

நபியவர்களின் வீட்டில்

நபி (ஸல்) அவர்கள் வீட்டாரிடம் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். காடி மட்டும்தான் இருக்கிறது என்றார்கள். அதையே கொண்டுவரச் சொல்லி, சாப்பிட்டுக்கொண்டே, காடி எவ்வளவு நல்ல வெஞ்சனம் என்று பாராட்டினார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி முஸ்லிமில் இருக்கிறது. அதில் வரும் ‘இதாம்’ என்ற சொல்லுக்கு நம் வெஞ்சனம் என்ற சொல் அப்படியே பொருந்துகிறது. இருப்பதைப் புகழ்ந்து சாப்பிடுவது சமைத்தவரின் மனத்துக்குக் கொடுக்கும் மரியாதை என்று இந்த ஹதீஸுக்கு உலமாக்கள் விளக்கம் தருகிறார்கள்.

மதீனாவில் ஒரு தையற்காரர் நபி (ஸல்) அவர்களை விருந்துக்கு அழைத்தார். வாற்கோதுமை ரொட்டி, சுரைக்காயும் உப்புக்கண்டமும் போட்ட குழம்பு. இதுதான் விருந்து. நபியவர்கள் தட்டின் ஓரங்களில் சுரைக்காய்த் துண்டுகளைத் தேடித் தேடி எடுத்ததைப் பார்த்த அனஸ் (ரலி) அவர்களுக்கு அன்றிலிருந்து சுரைக்காய் பிரியமாகிவிட்டது (புகாரி). கவனியுங்கள், அந்தக் குழம்பில் கறியும் இருந்தது. தேடியது சுரைக்காயை.

பேரீச்சம் செங்காயோடு வெள்ளரிக்காயைச் சேர்த்து உண்டதை அப்துல்லாஹ் பின் ஜஅஃபர் (ரலி) அவர்கள் பார்த்திருக்கிறார்கள் (புகாரி). செங்காயோடு தர்பூசணியைச் சேர்த்து உண்டு, இதன் சூட்டை அதன் குளிர்ச்சி தணிக்கிறது என்ற கருத்தில் சொன்னதாக ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பு அபூதாவூதில் உண்டு. மதீனாவின் கோடையில் இரண்டும் ஒரே காலத்தில் கிடைப்பவை. அந்தக் காலத்தில் விளைவதை, அந்தக் காலத்தின் வெயிலுக்கு ஏற்றபடி சேர்த்துக்கொண்டார்கள். நம் ஊரில் சித்திரை வெயிலில் நுங்கும் வெள்ளரிப்பிஞ்சும் வந்து நிற்பது போலத்தான்.

நான் கறிக்கு எதிராகப் பேசுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆட்டின் முன்சப்பை நபியவர்களுக்குப் பிடிக்கும் என்பதும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. அல்லாஹ் ஹலாலாக்கியதை யாரும் ஹராமாக்க முடியாது. ஆனால் கறிக்கும் மதுவைப் போல ஒரு பழக்க ஈர்ப்பு உண்டு என்று உமர் (ரலி) அவர்கள் எச்சரித்த செய்தியை இமாம் மாலிக் (ரஹ்) முஅத்தாவில் பதிவு செய்திருக்கிறார்கள். இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்கிறது. இதற்குக் கறியை மட்டும் குற்றம் சொல்வது அநியாயம். உட்கார்ந்த வேலை, மைதா, சீனி எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனாலும் வலீமா, அகீகா, கத்னா, ஹஜ்ஜுக்குப் போகும் வீடு, வந்த வீடு என்று வாரம் இரண்டு நெய்ச்சோறு சாப்பிட்டுவிட்டு, மீதி நாளில் கடையில் பொரித்ததை வாங்கிவந்தால் உடம்பு என்ன செய்யும்?

பழுக்கும் வரை விற்காதே

பருவம் என்பது நம் மார்க்கத்தில் சட்டமாகவே இருக்கிறது. மரத்தில் இருக்கும் கனி தேறியது தெரியும் முன் அதை விற்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் விற்பவர், வாங்குபவர் இருவரையுமே தடுத்தார்கள் (புகாரி, முஸ்லிம்). ஏன் இந்தத் தடை வந்தது என்பதை ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்கள் விளக்குகிறார்கள். மக்கள் முன்கூட்டியே பேரம் பேசிவிடுவார்கள். அறுவடை நேரத்தில் வாங்கியவர் வந்து, காய் கருகிவிட்டது, நோய் விழுந்துவிட்டது, பிஞ்சு கொட்டிவிட்டது என்று தகராறு செய்வார். வழக்குகள் பெருகியபோது நபியவர்கள் இந்த ஆலோசனையைச் சொன்னார்கள். ஸைத் (ரலி) அவர்களோ ‘ஸுரையா’ விண்மீன் கூட்டம் உதிக்கும் வரை தம் தோட்டத்துக் கனிகளை விற்க மாட்டார்கள். அதற்குப் பிறகுதான் மஞ்சள் காய் எது, சிவப்புக் காய் எது என்று பிரித்துத் தெரியும். ஸுரையா என்பது நாம் கார்த்திகை என்று சொல்லும் அதே விண்மீன் கூட்டம். அது கோடைத் தொடக்கத்தில் விடியலுக்குச் சற்று முன் கிழக்கே தென்படும். வானத்தைப் பார்த்துச் சந்தைக்குப் போன தலைமுறை அது.

பல ஆண்டு விளைச்சலைச் சேர்த்து முன்கூட்டியே விற்பதற்கும் தடை வந்திருக்கிறது (முஸ்லிம்). மாந்தோப்பைப் பூ வருவதற்கு முன்பே மூன்று வருடம், ஐந்து வருடம் என்று பேசிவிடும் நம் ஊர்ச் சகோதரர்கள் இதைத் தங்கள் ஊர் ஆலிமிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. மத்ஹபுகளுக்கிடையே நுணுக்கமான விவரங்கள் உண்டு. அதையெல்லாம் இங்கே விரித்தால் மாம்பழம் அழுகிவிடும்.

தேறாத காயை அவசரமாகப் பறித்துக் கார்பைடு கல்லில் பழுக்க வைப்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படியும் குற்றம். 2011ஆம் ஆண்டு விதிமுறைகளிலேயே அந்தத் தடை இருக்கிறது. இருந்தும் சித்திரை பிறப்பதற்கு முன்பே மஞ்சள் மாம்பழம் கேட்டு நிற்பது யார்? நாம்தான். மேலே மஞ்சளாகவும் உள்ளே வெள்ளையாகப் புளிப்பாகவும் இருக்கும் பழத்தைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, அந்தக் காலத்து ருசி இல்லை என்று சொல்வது என்ன நியாயம்? ருசி வர இன்னும் மூன்று வாரம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பருவத்தின் முதல் கனியைக் கண்டால் மக்கள் அதை நபியவர்களிடம் கொண்டுவருவார்கள். நபியவர்கள் அதைக் கையில் வாங்கி, கனிகளிலும் ஊரிலும் ஸாஉ, முத்து என்னும் அளவைகளிலும் பரக்கத் வேண்டி துஆச் செய்வார்கள். பிறகு அங்கே இருக்கும் சிறுவர்களில் ஆகச் சிறியவரை அழைத்து அந்தக் கனியைக் கொடுத்துவிடுவார்கள் (முஸ்லிம்). வருடம் முழுக்க எல்லாப் பழமும் கிடைக்கும் கடையில் முதல் கனி என்று ஒன்று இல்லை. அதனால் இந்த சுன்னத்தைச் செய்து பார்க்கும் வாய்ப்பே பல பிள்ளைகளுக்கு அமைவதில்லை.

நம் சட்டியில்

மீனில் தொடங்கலாம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் குஞ்சு பொரிக்க விடும் காலம். அப்போது பெரிய மீனுக்கு விலை ஏறும். ஆனால் அதே நாட்களில்தான் மாங்காயும் முருங்கைக்காயும் மலிவு. நாட்டுப் படகில் கொஞ்சம் சாளையோ நெத்திலியோ வந்தால் மாங்காய் போட்ட மீன் ஆணம். வராவிட்டால் கருவாட்டுத் துண்டு ஒன்று போட்ட கத்தரிக்காய், முருங்கைக்காய் ஆணம். வஞ்சிரம் இல்லாத வீடு பட்டினி கிடப்பதில்லை.

தாளிச்சாவையே எடுத்துக்கொள்வோம். நம் வீட்டு விருந்துகளில் இது தவறாது. மாங்காய் உள்ள காலத்தில் மாங்காய்ப் புளிப்பும் மற்ற நாளில் புளியும் சேரும். கத்தரி, வாழைக்காய், சுரை என்று எது மலிவோ அதுதான் உள்ளே போகும். நம் பாட்டிமார் காலண்டர் பார்த்து இதைச் செய்யவில்லை. சந்தையில் எது குவிந்து கிடக்கிறதோ அதை வாங்கினார்கள். குவிந்து கிடப்பது மலிவு, மலிவாக இருப்பது அப்போது அருகில் விளைந்தது. தை மாதத்தில் மொச்சை, அவரை, சர்க்கரைவள்ளி, பனங்கிழங்கு என்று தெருவே நிறையும். கீரையைப் பற்றி ஒரு வார்த்தை. பறித்த நேரத்திலிருந்தே அதிலுள்ள வைட்டமின் சி குறையத் தொடங்கிவிடும். காலையில் வாங்கிய கீரையை அன்றே சமைத்துவிடுவதுதான் சரி. மூன்று நாள் ஃப்ரிட்ஜில் வைத்து வாட வைப்பதை விட அந்தக் கட்டை வாங்காமலே இருக்கலாம்.

அந்த மூதாட்டியின் உணவை நம் வீட்டில் செய்து பார்க்க விரும்பும் சகோதரிகளுக்கு, சகோதரர்களுக்கும்தான், எங்கள் வீட்டில் செய்யும் முறை இது. இளந்தண்டுக்கீரை ஒரு கட்டு. வேரில் ஒட்டிய மண் போக நன்றாக அலசி, தண்டை விரல் நீளத்துக்கு நறுக்கித் தனியாக வையுங்கள். சின்ன வெங்காயம் பத்து, பூண்டு நாலு பல், இரண்டு பச்சை மிளகாய், தண்டுத் துண்டுகள் எல்லாவற்றையும் மூழ்கும் அளவு தண்ணீரில் உப்புப் போட்டு வேக விடுங்கள். தண்டு மிருதுவானதும் இலையைச் சேருங்கள். ஒரு கைப்பிடி கம்பு மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றி, அடிபிடிக்காமல் பத்து நிமிடம் கிளறினால் கூழ் பதத்துக்கு வரும். வாற்கோதுமை மாவு கிடைத்தால் இன்னும் பொருத்தம். எண்ணெய் தேவையில்லை. முதல் தடவை பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். எலுமிச்சை பிழிந்து கொடுங்கள்.

பச்சை வெங்காயமும் பூண்டும் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கு வராதீர்கள் என்ற தடை வேகாததற்குத்தான். வெந்து வாடை போய்விட்டால் ஜும்ஆவுக்கு முன்பும் சாப்பிடலாம்.

குழம்பு வைத்தால் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் கொடு என்ற பொருளில் அபூதர் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் உபதேசித்தார்கள் (முஸ்லிம்). இந்த உபதேசம் எந்த உணவுக்குப் பொருந்துகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஆள் எண்ணிப் பொட்டலமாக வரும் சாப்பாட்டில் தண்ணீரைக் கூட்ட முடியாது. சட்டியில் வைத்த ஆணத்தில்தான் முடியும்.

சமைப்பவர் முகம்

எளிமையான சமையல் என்று ஆண்கள் பேசும்போது அதன் வேலை யார் தலையில் விழுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கீரை ஆய்வது எளிமையான வேலை இல்லை. மொச்சை உரிப்பதும், நெத்திலி ஆய்வதும் அப்படித்தான். நபியவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டதற்கு, வீட்டாரின் வேலைகளில் ஒத்தாசையாக இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் கிளம்பிவிடுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் பதில் சொன்னார்கள் (புகாரி). இஷாவுக்குப் பிறகு பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் மறுநாள் கீரையை ஆய்ந்துகொண்டே பேசலாம். நாவுக்கும் வேலை, கைக்கும் வேலை.

நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை சொன்னதில்லை. விரும்பினால் உண்பார்கள், விரும்பாவிட்டால் விட்டுவிடுவார்கள் (புகாரி). கல்லூரியில் குறுந்தொகை படித்தபோது 167ஆம் பாட்டு என்னை இந்த ஹதீஸிடம் கொண்டுபோய் நிறுத்தியது. கூடலூர் கிழார் பாடியது. புதிதாக மணமான பெண், தயிர் பிசைந்த கையோடு, தாளிப்புப் புகை கண்ணில் ஏற, தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவனுக்கு வைக்கிறாள். அவன் இனிது என்று சொல்லி உண்கிறான். அவள் முகத்தில் வெளியே தெரியாத அளவுக்கு ஒரு மலர்ச்சி. அவ்வளவுதான் பாட்டு. “இன்னைக்கும் கீரையா?” என்று கேட்கும் வாய், இந்த ஒரு சொல்லைச் சொல்லிப் பார்க்கட்டும். வாரத்தில் நாலு நாள் வெளியிலிருந்து வரவழைக்கும் செலவு அந்த வீட்டில் குறையும் என்பது என் கணிப்பு.

முருங்கைக்காய்ச் சகோதரருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: கடன் வேண்டாம், முருங்கைக்காயும் முட்டையும் போட்டு ஆணம் வையுங்கள், வருபவர்களை ஒரே சஹனில் உட்கார வைத்து நீங்களும் கூட உட்காருங்கள். அப்படியே செய்தார். சம்பந்தி வீட்டுப் பெரியவர் கிளம்பும்போது ஒரு கட்டு முருங்கைக்காய் கேட்டு வாங்கிப் போனாராம்.

ரமலானைப் பற்றியும் கேட்கிறார்கள். நம் மாதங்கள் பிறையைப் பின்பற்றுவதால் ஒவ்வொரு வருடமும் 10, 11 நாட்கள் முன்னே நகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவிடும். நபியவர்கள் மஃரிப் தொழுவதற்கு முன் செங்காய்களால் நோன்பு திறப்பார்கள், அவை இல்லாவிட்டால் உலர்ந்த பேரீத்தம் பழங்கள், அவையும் இல்லாவிட்டால் சில மிடறு தண்ணீர் (அபூதாவூத், திர்மிதி). முதலில் அந்தப் பருவத்தின் புதுக் கனி, அது இல்லாத காலத்தில்தான் சேமித்து வைத்தது. 2016இல் நம் நோன்பு ஜூன் மாதம் தொடங்கியது, மாம்பழமும் நுங்கும் கிடைத்தன. பொரித்த வடையும் சமோசாவும் எந்தப் பருவத்திலும் கிடைக்கும் என்பதால் அவையே எல்லா வருடமும் ஸஹனை நிறைத்துவிடுகின்றன. 2030இல் ஒரே ஆங்கில ஆண்டில் ரமலான் இரண்டு முறை தொடங்கும், ஜனவரியில் ஒன்று, டிசம்பர் இறுதியில் ஒன்று. ஜனவரி நோன்பு பனங்கிழங்குக் காலத்தில் வருகிறது. கொல்லையில் இடம் உள்ளவர்கள் 2029 ஆவணி, புரட்டாசியில் பனங்கொட்டைகளைச் சேர்த்துப் புதைத்து வைத்தால் இஃப்தாருக்கு அவித்துக் கொடுக்கலாம், இன்ஷா அல்லாஹ்.